ஐஸ் போட்டுக் குடிக்கிறவர்

என் அண்ணன் ஆண்டனிராஜ் குடிகாரர் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். குடிகாரன் யார் என்பதற்கு அவரிடம் தெளிவான இலக்கணம் உண்டு. ஒயின்ஷாப் வாசலில் நின்றுகொண்டு, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்து, பிளாஸ்டிக் டம்ளரில் பீய்ச்சி, முகத்தைச் சுளித்தபடி ஒரே மடக்கில் இறக்குகிறானே, அவன் குடிகாரன். அண்ணன் அப்படியா? சாயங்காலம் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, குடும்ப செபத்தில் முட்டி போட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் அலமாரியைத் திறப்பார். கண்ணாடி டம்ளரில் முதலில் ஐஸ் போடுவார். அது டம்ளரில் மோதும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். அதற்கப்புறம்தான் பிராந்தி.

“ஐஸ் இல்லாமக் குடிக்கிறவந்தான் குடிகாரன். ஐஸ் போட்டுக் குடிச்சா அது ஒரு பழக்கம், அம்புட்டுத்தான்” என்பது அவர் வாக்கு. பத்துக் கட்டளைகளில் இதற்கு இடம் இல்லாததால் பதினோராவதாகத் தானே சேர்த்துக்கொண்டார்.

நான் ஐரின், அவருடைய ஒரே தங்கை. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, மரியநாதபுரத்தில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழே நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். காதை மூடிக்கொண்டாலும் கேட்கும். அண்ணன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். வேலை நாளெல்லாம் மைதானத்தின் ஒரு கோடியில் நின்றுகொண்டு மறுகோடியில் இருக்கும் பையனைப் பெயர் சொல்லித் திட்டிப் பழகிய தொண்டை அது. ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடம் விசிலைத் திருப்பி வாங்கிக்கொண்டது, தொண்டையை வாங்க மறந்துவிட்டது. அந்தத் தொண்டைக்காகவே பங்குக் கோவிலில் அவரைப் பேரவைச் செயலாளர் ஆக்கினார்கள். பூசை முடிவில் அறிவிப்பு வாசிப்பது அவர்தான். மைக் தேவையில்லை, ஆனாலும் வைத்துக்கொள்வார்.

மதினி கிளாரா தொடக்கப்பள்ளி ஆசிரியை. வீதிக்கே அவர் டீச்சர், அண்ணனுக்கும் டீச்சர்தான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பார். மதினி வாயில் பொய் வராது. நான் வைத்த குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், மற்றவர்கள் நாசூக்காக ஏதாவது சொல்லித் தப்பிப்பார்கள். மதினி உண்மையைச் சொல்லுவார். இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்வதற்குத் தனித் தைரியம் வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணன் அந்தத் தைரியத்தைத்தான் டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறார் என்று நான் நினைத்ததுண்டு.

அண்ணனுக்கு ஒரு பெருமை உண்டு. தவக்காலம் வந்தால் தொட மாட்டார். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தாரென்றால் ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு இறங்காது. வெள்ளிக்கிழமை ஒருசந்தி, கறி மீன் கிடையாது, பேச்சில்கூடச் சத்தம் குறையும். ஊரே மெச்சும். ஈஸ்டர் அன்று மத்தியானம் பிரியாணி வாசம் அடிக்கும்போது மறுபடி ஐஸ் சத்தம் கேட்கும். நாற்பது நாள் விடத் தெரிந்த மனிதருக்கு நாற்பத்தோராவது நாள் மட்டும் வருடா வருடம் தெரியாமல் போய்விடும்.

போன பொங்கலுக்குப் பிறகு அவருக்கு வயிறு உப்பியது. நான்தான் இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தேன். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கிறது, இப்போது நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளும், நிறுத்தாவிட்டால் அடுத்த முறை எங்களிடம் பேசுவதற்கு எதுவும் இருக்காது என்றார். நர்ஸாக இருந்தவள் நான். அந்த ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு என் அண்ணனைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மதினி பக்கம் திரும்பினேன். கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வாக்குக் கொடுத்தார். தவக்காலத்தில் நிறுத்தி, அப்படியே விட்டுவிடுவாராம். தவக்காலத்துக்கு அப்போது இன்னும் நாள் இருந்தது. அந்த நாட்களில் தினமும் பாட்டிலுக்கு விடை கொடுத்தார். வெளிநாடு போகிறவனை வழியனுப்புவதுபோல அவ்வளவு உருக்கமாக விடை கொடுத்தார்.

சாம்பல் புதன் வந்தது. சொன்னபடி நிறுத்தினார். அன்று காலை நெற்றியில் சாம்பலோடு சாப்பிட உட்கார்ந்தவர், சமையலறையில் ஐஸ் மிஷின் பொருத்தப் போவதாகச் சொன்னார்.

ஐஸ் தட்டு இல்லை, மிஷின். பெங்களூரில் மகன் ரொனால்டு வீட்டில் பார்த்திருக்கிறார். சமையல் மேடைக்குக் கீழே, அலமாரியோடு அலமாரியாகப் பதித்து வைத்துவிடுவது. தண்ணீர் உள்ளே போகும், கண்ணாடி மாதிரிக் கட்டி கட்டியாக ஐஸ் தானாக விழுந்துகொண்டே இருக்கும். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் ஐஸில் கருவாட்டு நாற்றம் அடிக்கிறது என்று காரணம் சொன்னார். தவக்காலத்தில் எங்கள் ஃப்ரிட்ஜில் கருவாடு ஏது? மாவுச் சட்டியும் கீரையும்தான் இருந்தன. இதை நான் கேட்டேன்.

“விருந்தாளி வந்தா சர்பத் குடுக்க வேணாமா? வெயில் வருது” என்றார்.

எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளில் பாதிப் பேருக்கு சைனஸ், மீதிப் பேருக்குப் பல் கூச்சம். எனக்கு ஐஸ் பெட்டி பக்கம் போனாலே தொண்டை கட்டும். மதினி வெந்நீர் தவிர வேறு குடித்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் ஐஸ் தேவைப்படும் ஒரே ஆள் வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். குடிக்குப் பாடை கட்டிக்கொண்டே அதற்கு மாப்பிள்ளை மோதிரமும் வாங்கியதுபோல இருந்தது எனக்கு. மதினி இட்லியை எடுத்து அவர் தட்டில் வைத்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதுதான் எனக்குச் சந்தேகம் தந்தது. போன வருடங்களில் மதினி செய்யாததில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போனார். நவநாள் செபம் சொன்னார். பாட்டிலை அரிசி டிரம்மில் ஒளித்தார். பேசாமல் இருந்து பார்த்தார், பேசிப் பேசியும் பார்த்தார். இந்த முறை, மிஷினுக்காகத் தச்சர் வந்து சமையல் மேடைக்குக் கீழே அறுத்தபோது, அங்கே இருந்த பருப்பு டப்பாக்களையும் வடகத் தூக்கையும் மதினியே எடுத்துக் கொடுத்தார். தன் ராஜ்யத்தில் பாதியை எழுதிக் கொடுக்கிறவர் முகத்தில் ஒரு சுருக்கமாவது வர வேண்டாமா?

மிஷினைப் பொருத்த மதுரையிலிருந்து சிவபிரகாஷ் என்ற மெக்கானிக் வந்தார். மிஷின் சாம்பல் நிறத்தில், பளபளவென்று, ஒரு சின்ன பீரோ அளவுக்கு இருந்தது. உள்ளே தள்ளி, தண்ணீர் குழாயை மாட்டி, உருகும் தண்ணீர் வெளியே போக ஒரு குழாயைத் தோட்டத்துப் பக்கம் விட்டு, சுவிட்சைப் போட்டார். அண்ணன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பிரசவ வார்டு வாசலில்கூட அவர் அப்படி உட்கார்ந்ததில்லை, ரொனால்டு பிறந்த அன்று கால்பந்துப் போட்டிக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே கடகடவென்று விழுந்தது. திறந்து பார்த்தார். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை ஐஸ்.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைமுடி மட்டும் தாராளமாகக் கொட்டும். குடிப்பதற்கு ஆத்தூர் அணையிலிருந்து வரும் நல்ல தண்ணீர். அது நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. வருகிற அன்று வீட்டில் கல்யாணம், கருமாதி எது நடந்தாலும் அதை அப்படியே போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்க வேண்டும். பெங்களூர் மிஷினுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாதே. உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒரு வாரத்தில் அதற்கும் தொண்டை அடைத்துவிட்டது.

சிவபிரகாஷ் மறுபடி வந்தார். வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாயை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர் கேன் வைத்து, சின்ன பம்ப் போட்டு இழுக்க வைக்கலாம், கேனில் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள் என்றார்.

வீட்டில் நல்ல தண்ணீர் மதினியின் இலாகா. எந்த டிரம் குடிக்க, எந்தக் குடம் சமைக்க, எது எந்த நாளில் பிடித்தது என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் அனுமதி இல்லாமல் ஒரு செம்பு நகராது. அண்ணன் தயங்கித் தயங்கி மதினியிடம் போய் நின்றார். தன் வகுப்புக்குத் தாமதமாக வந்த பையன் மாதிரி நின்றார்.

மதினி யோசிக்கக்கூட இல்லை. கேனைத் தானே நிரப்புவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. தன்னைத் தவிர அந்தக் கேன் மூடியை யாரும் தொடக் கூடாது. வெளியே பிடித்த தண்ணீர், கடைத் தண்ணீர் எதுவும் அதில் கலக்கக் கூடாது. அண்ணன் சந்தோஷமாகத் தலையாட்டினார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைச் சிரித்துக்கொண்டே செய்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

நல்ல தண்ணீர் போனதும் ஐஸ் கண்ணாடியாக விழுந்தது. அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். இனிமேல் கடை ஐஸைத் தொட மாட்டேன், அதெல்லாம் சாக்கடைத் தண்ணீரில் செய்வது, மீனுக்குப் போடுவது என்று ஒவ்வொருவரிடமும் பிரசங்கம் செய்தார். எல்லோருக்கும் நன்னாரி சர்பத் கொடுத்தார். தான் குடிக்கவில்லை. ஐஸ் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும். தவக்காலம் முடிய முடிய அந்தச் சத்தத்துக்கு அவர் திரும்பிப் பார்ப்பது கூடியது. மாடிக்கும் கீழுக்கும் நடந்து மதினியைக் கேட்டேன், இப்படியே விட்டுவிடப் போகிறீர்களா என்று. அவர் பூண்டு உரித்துக்கொண்டே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார். ஆண்டவர் இவ்வளவு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அதுதானே பிரச்சினை என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

பெரிய வெள்ளி கழிந்தது. ஈஸ்டர் பூசைக்கு எங்கள் கோவிலில் பெரிய டிரம்களில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். சாமியார் அதை மந்திரித்து முடித்ததும் சனங்கள் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதுதான் தீர்த்தம். வருடம் முழுவதும் வீட்டில் இருக்கும். காய்ச்சல் வந்தால் ஒரு மடக்கு, பயணம் போனால் ஒரு தெளிப்பு. அண்ணன் அதற்கும் அறிவிப்பு வாசித்தார். அந்த அறிவிப்பு எனக்கு மனப்பாடம். பாட்டில்கள் சுத்தமாக இருக்க வேண்டும், மது பாட்டில்களில் தீர்த்தம் பிடிக்க வேண்டாம். தீர்த்தத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. கால் படும் இடத்தில் சிந்தக் கூடாது. பக்தியோடு பருக வேண்டும், மிஞ்சினால் செடி வேரில் ஊற்ற வேண்டும். மது பாட்டில் என்ற இடத்தில் அவர் குரல் மட்டும் கணீரென்று உயரும். மதினி இரண்டு புது பாட்டில்களில் பிடித்துக்கொண்டார்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் மதினியின் தம்பி சிலுவைமுத்து ஆத்தூரிலிருந்து வந்தார். தென்னந்தோப்புக்காரர். ஒரு கையில் கறிப் பொட்டலம், மறு கையில் துணிப்பை. துணிப்பையில் என்ன இருந்தது என்பதை அதைத் தரையில் வைத்த சத்தமே சொல்லிவிட்டது. அண்ணன் வாக்குக் கொடுத்தது சிலுவைமுத்துவுக்கும் தெரியும். ஆனால் பண்டிகை அன்று மச்சானுக்குக் கம்பெனி கொடுக்காவிட்டால் உறவு என்னத்துக்கு?

“இன்னிக்கு ஒரு நாள்தான் மச்சான். நாளையிலருந்து நெசமாவே விட்டுருவோம்” என்றார்.

“ரெண்டே ரெண்டு, மாப்ள” என்றார் அண்ணன். தவக்காலம் முழுக்கக் காத்துவைத்த குரல்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் டம்ளரைத் தட்டிவிடலாமா என்று இருந்தது. அண்ணன் மிஷினைத் திறந்து, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஐஸை அள்ளினார். டிங் டிங் என்று சத்தம். கண்ணை மூடிக் கேட்டார். சிலுவைமுத்து ஊற்றினார். அப்போது மதினி ஒரு தட்டில் மட்டன் சுக்காவைச் சூடாக எடுத்துக்கொண்டு போனார். என் கண்ணையே நம்ப முடியவில்லை. குடிக்கிறவருக்கு இத்தனை வருடத்தில் ஒரு ஊறுகாய்த் துண்டு எடுத்துக் கொடுக்காதவர் சுக்கா கொண்டுபோகிறார்.

தட்டை நடுவில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மிஷின்ல இந்த வருசத் தீர்த்தம் ஊத்தியிருக்கேன். வீட்டுக்கு நல்லதுன்னு. பாத்து, கீழ சிந்தாமக் குடிங்க” என்றார். திரும்பிச் சமையலறைக்கு வந்துவிட்டார்.

சிலுவைமுத்துவின் டம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. அண்ணன் முகம் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல ஆகிவிட்டது. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. டீச்சர் பொய் சொல்ல மாட்டார் என்பது அந்த இரண்டு பேருக்கும், மொத்தப் பங்குக்கும் தெரிந்த விஷயம்.

பிறகு இரண்டு பேரும் ரகசியக் குரலில் ஆராய்ச்சி நடத்தினார்கள். அண்ணனுடைய ரகசியக் குரல் அடுத்த தெரு வரை கேட்கும். உறைந்து போனால் மந்திரம் நிற்குமா, நிற்காதா? தண்ணீர் கட்டியானால் என்ன, அது தண்ணீர்தானே என்றார் அண்ணன். அப்படியானால் ஐஸை மட்டும் கரண்டியால் எடுத்துவிடலாம் என்றார் சிலுவைமுத்து. எட்டிப் பார்த்தார்கள். சித்திரை வெயிலில் பாதி கரைந்து பிராந்தியோடு ஒன்றாகிவிட்டிருந்தது. சாமியாருக்கு போன் போட்டுக் கேட்டால் என்ன என்றார் சிலுவைமுத்து. அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்தது. ஈஸ்டர் அன்று மத்தியானம், பேரவைச் செயலாளர் சாமியாரைக் கூப்பிட்டு, ஃபாதர், தீர்த்தத்தில் பிராந்தி விழுந்துவிட்டது என்றா சொல்லுவார்?

கடைசியில் சிலுவைமுத்து, ஐஸ் இல்லாமலே வேறு டம்ளரில் ஊற்றிக்கொள்ளலாமே என்றார். நியாயமான கேள்விதான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“ஐஸ் இல்லாமக் குடிக்க நான் என்ன குடிகாரனா?” என்றார் அண்ணன்.

கடையில் ஐஸ் வாங்கி வரவா என்று கேட்க சிலுவைமுத்து வாயைத் திறந்து மூடிக்கொண்டார். கடை ஐஸ் பற்றிய பிரசங்கத்தை அவரும் கேட்டிருந்தார்.

இப்போது டம்ளர்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. குடிக்கக் கூடாது. கொட்டவும் கூடாது, சாக்கடையில் ஊற்றவும் கூடாது, கால் படும் இடத்தில் சிந்தவும் கூடாது. எல்லாம் அவரே மைக்கில் வாசித்தது. அண்ணன் எழுந்தார். ஒரு கைக்கு ஒரு டம்ளராகப் பிடித்துக்கொண்டு, சப்பரம் தூக்குகிறவர் மாதிரி அடி மேல் அடி வைத்துத் தோட்டத்துக்கு நடந்தார். சிலுவைமுத்து செருப்பு போடாமல் பின்னால் போனார். அங்கே ஆயக்குடியிலிருந்து வாங்கி வந்து வைத்த கொய்யாக் கன்று ஒன்று நின்றது. அதன் வேரில் இரண்டு டம்ளரையும் மெதுவாகச் சாய்த்தார்கள். அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தக் கன்றுக்குத் தவக்காலம் முடிந்ததற்கு இதைவிட நல்ல விருந்து கிடைத்திருக்காது.

சமையலறையில் மதினி பிரியாணிச் சட்டியின் தம் பிரித்துக்கொண்டிருந்தார். மூடி சட்டியில் மோதி மோதிச் சத்தம் போட்டது. நான் பார்ப்பதைக் கவனித்ததும் மூடியைக் கீழே வைத்தார்.

அதற்கப்புறம் எங்கள் பாடுதான் திண்டாட்டம். மிஷினில் விழுந்து கிடந்த ஐஸ் முழுவதும் தீர்த்தமாயிற்றே, வீணாக்க முடியுமா? அந்த வாரம் மோரில் ஐஸ், பானகத்தில் ஐஸ், சர்பத்தில் ஐஸ். சைனஸ்காரர், பல் கூச்சக்காரர் யாரும் மறுக்க முடியவில்லை. புனிதமான பொருளை வேண்டாம் என்று சொன்னால் சாத்தான் என்று நினைத்துவிடுவார்களே. எனக்குத் தொண்டை கட்டிக் குரல் போனது. கேன் காலியாகக் காலியாக மதினி நல்ல தண்ணீரோடு தீர்த்தமும் கலந்து ஊற்றுவதாக அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக் கலந்தாலும் மொத்தமும் தீர்த்தம்தான் என்றார். செயலாளர் அதை மறுக்கவில்லை.

ஒரு நாள் வீட்டுச் சுரூபங்கள் வைத்திருக்கும் மாடத்தைத் துடைக்கப் போனேன். சூசையப்பர் சுரூபத்துக்குப் பின்னால் இரண்டு புது பாட்டில்கள் நின்றன. இரண்டிலும் கழுத்து வரை தண்ணீர். மூடியை மதினி கட்டியிருந்த நூல் அப்படியே இருந்தது.

நேராகச் சமையலறைக்குப் போனேன். “மதினி, தீர்த்தம் பாட்டில் ரெண்டும் தொடாம இருக்கு” என்றேன். கரகரத்த குரலில்தான் வந்தது.

மதினி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

“எட்டாங் கட்டளைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் ஐரின். நீ வாயத் தொறக்காத” என்றார். நறுக்கிய வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கினார். “அதை ஊத்த எனக்கு மனசு வரல. பிராந்தியில கலந்துருமே. பொய் சொல்ல மட்டும் மனசு வந்துருச்சு. எனக்கு அவரு வேணும்.”

வெங்காயத்தால் வந்த கண்ணீர் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது, இரண்டு பேருக்கும். பொய் சொல்லாதே என்ற அந்த எட்டாங் கட்டளையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஞானோபதேச டீச்சர் ஈஸ்டர் திருநாளில், ஆண்டவர் பெயரால், புருசனிடம் பொய் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நிற்பாராம், முறை வரும்போது பின்னால் இருப்பவரை முன்னே விட்டுவிட்டு வந்துவிடுவாராம். பாவத்தைச் சொல்லிவிட்டால் மனம் வருந்த வேண்டும். வருத்தம் வரவில்லை என்றார்.

அடுத்த ஸ்கேனில் டாக்டரே கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். கல்லீரல் தேறி வருகிறது என்றார். அண்ணன், எல்லாம் வீட்டு ஐஸின் மகிமை என்று அவரிடம் சொல்லி, மிஷினின் சிறப்புகளையும் விளக்கினார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

பள்ளிக்கூடங்கள் திறந்த சமயம், ஒரு காலையில் முருங்கைக்கீரை பறிக்கக் கீழே இறங்கினேன். மதினி பூசைக்குப் போயிருந்தார். சமையலறையில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தால், மிஷினுக்கு முன்னால் அண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் தொடக் கூடாத கேனின் மூடி திறந்து கிடந்தது. அவர் கையில் ஒரு பாட்டில்.

பிராந்தியைத்தான் கேனில் ஊற்றுகிறார் என்று நினைத்தேன். அந்த மனிதரை அறிந்தவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சூசையப்பருக்குப் பின்னால் இருந்த பாட்டில். நூலை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தாமல் கேனில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். பி.டி. வாத்தியார் தொண்டையிலிருந்து முதல் தடவையாக உண்மையான ரகசியக் குரல் வந்தது.

“ஈஸ்டர் மறுநாள் மாடத்துல விளக்கேத்தப் போகையிலயே பாத்துட்டேன். பாட்டில் ரெண்டும் நெறஞ்சு இருந்துச்சு.”

“தெரிஞ்சுமா நீங்க குடிக்கல?” என்றேன்.

“குடிக்கணும்னுதான் வந்தேன். டம்ளர எடுத்தேன், ஐஸும் போட்டேன்.” பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு விழும் வரை பிடித்தார். “டீச்சர் பொய் சொல்லிருக்கா, ஐரின். கிளாரா டீச்சர். எனக்காண்டி. அதுக்கு மேல என் தொண்டையில எது எறங்கும்?”

மூடியைத் திருகி இறுக்கினார். காலிப் பாட்டிலில் குடத்துத் தண்ணீரை நிரப்பி, பழையபடி நூல் கட்டினார். அந்தத் தடித்த விரல்களுக்கு முடிச்சு சரியாக வரவில்லை, பல்லால் இழுத்து இறுக்கினார்.

“இனி அவ சொன்னது பொய் இல்ல. அவகிட்டச் சொல்லிராத” என்றார்.

அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சுரூபத்துப் பக்கம் போனார். நான் முருங்கைக்கீரையை மறந்துவிட்டு நின்றேன். பூசை முடிந்து மதினி வந்தார். மூன்று டம்ளரில் சர்பத் கலந்து, நிறைய ஐஸ் போட்டு, ஒன்றை என் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லிவிடாதே என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அண்ணன் நின்று அதே பார்வையைப் பார்த்தார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுக் குடித்தேன். எனக்குத் தொண்டை இன்றுவரை சரியாகவில்லை.